பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று யார் வந்து சொன்னாலும், காரைப் பார்ப்பதற்கு முன் ஆளைத்தான் விசாரிப்பேன். எந்த வேகத்தில் உதறுகிறது? லேசாக மிதித்தாலா, அழுத்தி மிதித்தாலா? காலை எடுத்ததும் நின்றுவிடுகிறதா? கை மட்டும் ஆடுகிறதா, சீட்டும் சேர்ந்து ஆடுகிறதா? கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றியது எப்போது, எதற்காக? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் விழிப்பார்கள். ஆனால் எனக்குப் பாதி விடை அதிலிருந்துதான் கிடைக்கும்.

நான் மெக்கானிக் இல்லை, ஆபீஸ் வேலைக்காரன். பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் வேலைகளை நானே பார்த்துப் பழகியதில், ஜாக்கி ஸ்டாண்ட், நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரென்ச், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் என்று சாமான்கள் சேர்ந்துவிட்டன. சாமான் இருக்கிற வீட்டுக்குத்தான் போன் வரும். அப்படித்தான் அக்கா வீட்டுக்காரரின் காரும் வந்தது.

“மாப்ள, டிஸ்க், பேட் ரெண்டும் புதுசா போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. மறுபடி உதறுது. கேட்டா டிஸ்க் பெண்டுங்கறாங்க. புது டிஸ்க் எப்படி மாப்ள பெண்டாகும்?”

நியாயமான கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அதற்கான பதில்தான். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக் மிதித்தால் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பவை பேடுகள். பெண்டு என்றால் வளைந்துவிட்டது என்று அர்த்தம்.)

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத, நேரான, நல்ல தார்ச்சாலை கிடைத்தால் போதும். பிரேக்கைத் தொடாமல் 80லிருந்து 100 கிலோமீட்டர் வேகம்வரை போய்ப் பாருங்கள். அப்போதே ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங், டயர், ரிம் இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும். அது பிரேக் விஷயமே அல்ல. மெதுவாகப் போகும்போதே சக்கரம் தள்ளாடுவதுபோலத் தெரிந்தால் டயருக்குள் பெல்ட் பிரிந்து வீங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. சக்கரத்தைச் சமீபத்தில் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று உதறல் வந்து, அது கூடிக்கொண்டே போனால் சோதனை எல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள்.

பிரேக் இல்லாமல் வண்டி அமைதியாக ஓடுகிறதா? சரி, அப்புறம் 100லிருந்து லேசாக, ஒரே அழுத்தத்தில் மிதியுங்கள். சடன் பிரேக் வேண்டாம். முன் டிஸ்க் பிரச்சினை இந்த லேசான பிரேக்கில்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஸ்டீயரிங் இடமும் வலமுமாகச் சிறுசிறு உதறலாக ஆடும். வேகம் குறையக் குறைய அந்த உதறலும் நிதானமாகும். பெரும்பாலும் 60க்குக் கீழே கையில் அவ்வளவாகத் தெரியாது. பாதத்துக்கு அடியில் பெடல் மெல்ல ஏறி இறங்குவது மட்டும் தெரியும்.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிகம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். 60இல் எட்டு, ஒன்பது முறை. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் சேர்ந்த அமைப்புக்கு இயல்பாகவே ஆடிவிடுகிற ஒரு வேகம் உண்டு. பல கார்களில் அது நொடிக்குப் பத்திலிருந்து இருபதுக்குள் இருக்கும். டிஸ்க்கின் தள்ளல் அந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகும்போது சின்னக் கோளாறும் பெரிதாகத் தெரியும். “எண்பது தாண்டினாதான் உதறுது, அதனால பேலன்சிங்தான்” என்று முடிவு கட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வேகம் மட்டும் எதையும் நிரூபிக்காது. பிரேக்கில் கால் இருந்ததா, இல்லையா என்பதுதான் பிரிக்கும் கோடு.

ஸ்டீயரிங் சும்மா இருந்து, சீட்டும் தரையும் பெடலும் மட்டும் ஆடினால் பின்பக்கத்தைச் சந்தேகப்படலாம். கேபிளில் இயங்கும், கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஆளில்லாத இடத்தில், 40 வேகத்தில், நுனிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பொத்தானை விட்டுவிடாதீர்கள், விட்டால் லாக் ஆகி நின்றுவிடும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அப்போது ஆட்டம் வந்தால் பின் டிரம் (டிஸ்க்குக்குப் பதிலாகப் பல கார்களின் பின்சக்கரத்தில் இருக்கும் கிண்ணம் போன்ற பாகம்) வட்டம் தவறியிருக்கலாம், பின் டிஸ்க்காகவும் இருக்கலாம். பட்டனில் இயங்கும் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ளவர்கள் இந்தச் சோதனைக்கே போக வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரமான சாலையில், மணலில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் கடகடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது, கவலை வேண்டாம். ஆனால் காய்ந்த சாலையில், வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில், நடைவேகத்தில் அப்படி அடித்தால் சக்கர வேக சென்சாரோ, அதற்கான பல்வளையமோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இதையும் டிஸ்க் என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள்.

அக்கா வீட்டுக்காரர் காரில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிரேக் இல்லாமல் 100இல் கண்ணாடிபோல ஓடியது. லேசாக மிதித்ததும் ஸ்டீயரிங் உதறியது, பெடலும் துடித்தது. முன் டிஸ்க்தான். ஆனால் “டிஸ்க்தான்” என்று சொல்வதோடு வேலை முடிவதில்லை. டிஸ்க்குக்கு என்ன ஆனது, ஏன் ஆனது என்று தெரியாமல் மாற்றினால் அடுத்த வருஷம் இதே போன் மறுபடி வரும்.

டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்பது எல்லோரும் சொல்கிற காரணம். சாதாரணமாக ஓட்டுகிற காரில் வார்ப்பிரும்பு டிஸ்க் அப்பளம்போல வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போகிறது. ஓர் இடத்தில் 21.98 மில்லிமீட்டர், இன்னோர் இடத்தில் 21.96 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே பல கார்களில் ஸ்டீயரிங்கை ஆட்டப் போதும். தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது பிடி இறுகும், மெலிந்த இடம் வரும்போது தளரும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ இப்படி இழுத்து விட, அது சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் வழியாகக் கைக்கு வருகிறது. தடித்த இடம், பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதால் பிரேக் ஆயிலும் பின்னால் தள்ளப்படும். பெடல் துடிப்பது அதனால்தான்.

டிஸ்க் நேராக உட்காராமல் சுற்றும்போது பக்கவாட்டில் அசைவதை ரன்-அவுட் என்பார்கள். பேடுகளையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்தான் காலிப்பர். பக்கவாட்டில் நகரக்கூடிய மிதக்கும் வகைக் காலிப்பரில் இந்த அசைவு மட்டும் இருந்தால் உடனே பெரிதாக எதுவும் தெரியாது, ஏனென்றால் காலிப்பரும் கூடவே அசைந்து கொடுத்துவிடும். வினை அப்புறம் வருகிறது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும், அசைகிற டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுத் தொட்டுப் போகும். சில வகைப் பேடுகள் அந்த இடத்தைத் தேய்த்து மெலிதாக்கும், சில வகை தன் பொருளை அங்கே அப்பித் தடிமனாக்கும். இரண்டில் எது நடந்தாலும், சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் வித்தியாசம் உருவாகிவிடும். புது டிஸ்க் போட்டதும் பிரமாதமாக ஓடிய கார் மாதங்கள் கழித்து உதறுவதன் ரகசியம் இதுதான். டிஸ்க்கில் முதல் நாளே கோளாறு இருந்திருக்க வேண்டியதில்லை. மாட்டிய விதத்தில் இருந்தால் போதும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். (வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள். இதை ஒவ்வொரு பதிவிலும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.) சக்கரம் இல்லாதபோது டிஸ்க், தானும் சக்கரமும் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பில் தளர்வாகத் தொங்கும். அப்படியே அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். தடித்த வாஷர்கள் போட்டு வீல் நட்டுகளை மாட்டி, டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும்.

டயல் கேஜின் தாங்கியை, ஹப்பைத் தாங்கும் சுற்றாத பாகமான ஸ்டீயரிங் நக்கிளில் பொருத்தி, முனை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே படும்படி வைத்தேன். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். கால் சுற்றுவரை முள் அசையவில்லை. அப்புறம் நகர ஆரம்பித்தது: இரண்டு கோடு, ஐந்து, எட்டு, பன்னிரண்டு. அங்கே கொஞ்சம் தயங்கி நின்று, வந்த வழியே பூஜ்யத்துக்குத் திரும்பியது. இந்தக் கேஜில் ஒரு கோடு நூறில் ஒரு மில்லிமீட்டர். ஆக, 0.12 மில்லிமீட்டர். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் உச்ச அளவு 0.05லிருந்து 0.10க்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாத அசைவு இது. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

“ஏன் மாப்ள, இந்த முள்ளு ஆடுறதா அந்த ஆட்டு ஆட்டுது?” என்று குனிந்து பார்த்தார் அவர். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரையே ஒருமுறை சுற்றச் சொன்னேன். அதே பன்னிரண்டாவது கோட்டில் போய் நின்றது.

அடுத்து மைக்ரோமீட்டர். டிஸ்க்கைச் சுற்றிச் சாக்பீஸால் எட்டு இடத்தில் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் தடிமனை அளந்தேன். அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவே 0.02 வித்தியாசம். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வேலைக்கு நல்லது. நூறில் ஒன்று காட்டுவது ஓரளவுக்குத்தான். சாதா வெர்னியர் உதவாது. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் கரை கட்டியிருக்கும், வெர்னியர் அந்தக் கரையை அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும்.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், அது ஹப்பில் எந்த ஓட்டைக்கு எந்த ஸ்டட் (வீல் நட்டு ஏறும் மரைக்கம்பி) என்று பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். கழற்றியதும் எல்லாம் விளங்கிவிட்டது. ஹப்பின் முகத்தில், ஸ்டட்களின் அடியைச் சுற்றி, செதில் செதிலாகத் துரு. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்தத் துருவின் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்கள். புது டிஸ்க்கின் உட்புறத்தில் அந்தச் செதிலின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. ஹப் முகத்தின் குறுக்களவைவிட டிஸ்க்கின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள துரு உட்கார்ந்தால், டிஸ்க்கின் விளிம்பில் அது 0.10 ஆகப் பெருகித் தெரியும். இதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை மிச்சம் பிடித்ததில் புது டிஸ்க் கெட்டது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. டிஸ்க் மாற்றத் தெரிந்தவருக்கு வயர் பிரஷ் எடுக்கத் தெரியாதா?

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டட்களின் அடியில் மட்டும் பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, அப்புறம் எமரி பேப்பரால் இழுத்து, கடைசியில் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், மூச்சில் போகும். எமரியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே போவதும் கூடாது; துருவை மட்டும் எடுத்தால் போதும், இரும்பைக் குழியாக்கிவிடக் கூடாது. ஹப்பின் முகத்திலேயே டயல் கேஜை வைத்துப் பார்த்ததில் முள் இரண்டு கோடுதான் நகர்ந்தது. அப்படியானால் ஹப்பும் பேரிங்கும் நல்ல நிலை. அங்கேயே ஆட்டம் அதிகமாக இருந்திருந்தால் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் பயன் இருக்காது.

அதே டிஸ்க்கை மாட்டி அளந்தபோது 0.05. கழற்றி, ஒரு ஓட்டை தள்ளி மாட்டியபோது 0.03. ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுகிற நிலை ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். கைச்செலவில்லாத வேலை, பொறுமை மட்டும் வேண்டும். டிஸ்க்கில் ஹப்புக்கான சின்ன ஸ்க்ரூ இருந்தால் அதன் ஓட்டை இடம் விட்டு மாறும், எல்லா வண்டியிலும் இப்படித் திருப்ப முடியாது.

ரன்-அவுட் சரியானாலும் ஏற்கெனவே உண்டான தடிமன் வித்தியாசம் தானாகப் போகாது. லேத்தில் மெலிதாகக் கடைந்து எடுக்கலாம், அல்லது மாற்றலாம். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவே எழும்பி நிற்கும் தொப்பிப் பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள். புதிதில் 22 மில்லிமீட்டர் உள்ள டிஸ்க்குக்கு 20 என்று இருப்பது வழக்கம். கடைந்த பிறகும் அதற்கு மேல் நன்றாக மிச்சம் இருந்தால் கடையலாம். இது ஏறக்குறையப் புது டிஸ்க் என்பதால் கடைந்தோம், இரண்டு பக்கமும். டிஸ்க்கில் நீலமாகத் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தடம் இருந்திருந்தால் கடையச் சொல்லியிருக்க மாட்டேன். அதிக வெப்பத்தில் அந்த இடங்களில் இரும்பின் தன்மையே மாறி, கடினமான புள்ளிகளாகிவிடும். மேலோட்டமாகக் கடைந்தால் அவை போகாது. சுற்றியுள்ள இடம் தேயத் தேய அவை மட்டும் மேடாக நிற்க, உதறல் திரும்பி வரும்.

சக்கரம் வெளியே இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் சில. காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களைக் கையால் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். உள் பேடும் வெளி பேடும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் ஒட்டத் தேய்ந்திருந்தால் பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது. அப்படிச் சிக்கிய சக்கரம் ஓட்டி முடித்ததும் மற்றதைவிடச் சூடாக இருக்கும். கையால் தொடாதீர்கள், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள், அல்லது கையைக் கொஞ்சம் தள்ளிவைத்து உணருங்கள். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் வகைக் கிரீஸ்தான் போட வேண்டும். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிப் போகும்.

அப்புறம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ் கிழிந்திருந்தால், இறுக்கமான வண்டியில் தெரியவே தெரியாத சின்ன டிஸ்க் கோளாறுகூட ஸ்டீயரிங்கைப் போட்டு உலுக்கும். பிரேக் பிடிக்கும்போது ‘தட்’ என்று ஒரு சத்தமும் கேட்டால் அதை முதலில் பாருங்கள். கடப்பாரை மாதிரி ஒரு நெம்பியை வைத்து ஆர்மை நெம்பினால் ரப்பரின் கிழிசல் வாய் திறக்கும். சக்கரத்தை மாட்டி, தூக்கிய நிலையில் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங் தளர்ச்சி தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட். அக்கா வீட்டுக்காரர் வண்டியில் இவை எல்லாம் திடமாக இருந்தன.

மாட்டும்போது நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஆளுக்கொரு இறுக்கமாக இறுக்குவது இன்னொரு கெடுதல். ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று இருந்தால் டிஸ்க்கின் தொப்பியே கோணலாக அமுங்கும். எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக, டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கூடவே வந்த கையேட்டில் இருக்கிறது. அலாய் வீல் என்றால் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கடைந்த டிஸ்க்குக்குப் புது பேட் போட்டோம். புது பேடைப் பழக்க வேண்டும்: 60 வேகத்திலிருந்து 15வரை நடுத்தரமாகப் பிரேக் பிடித்து, முழுசாக நிறுத்தாமல் விட்டு, ஆற நேரம் கொடுத்து, மறுபடி; ஒரு பத்து முறை இருந்தால் நல்லது. பேட் பெட்டியில் வேறு முறை போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சூடான நிலையில் வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே நின்றுகொண்டிருக்காதீர்கள். பேட் இருந்த இடம் டிஸ்க்கில் அப்படியே ஒட்டும். மலையிறக்கம் முடிந்து சமதளத்தில் நிற்க நேர்ந்தால், முன்னால் இடம் இருந்தால், காலைக் கொஞ்சம் தளர்த்தி வண்டியை மெல்ல ஊர விடுங்கள்.

ஓட்டிப் பார்த்தோம். 100லிருந்து மிதித்தபோது ஸ்டீயரிங் சும்மா இருந்தது. அவரை ஓட்டவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திருப்தியோடு திரும்ப, எனக்குச் சீட்டுக்கு அடியில் ஏதோ லேசாகத் துடிப்பதுபோல இருந்தது. ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுக்கச் சொன்னேன். துடிப்பு தெளிவாகவே வந்தது. முன்பக்க உதறலில் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த பின் டிரம்.

“அது எனக்குத் தெரியவே இல்லையே மாப்ள.”

“இனிமே தெரியும் மாமா.”

டிரம்மை அடுத்த முறை கழற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்.